சாய்ந்து பார்க்கட்டும்

சின்னவளுக்கு வயது நாற்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவள் சின்னவள்தான். கடைசியாகப் பிறந்தவர்களுக்குக் குடும்பம் போட்டுத் தருகிற உத்தியோகம் இது. தலை நரைத்தாலும் பதவி உயர்வு கிடையாது, ஓய்வும் கிடையாது. வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றி, ஊசி போட்டு, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வருகிறவளை ஊரே 'நர்சம்மா' என்று கூப்பிடும். அண்ணன் மட்டும், "ஏ சின்னவளே, அந்த ஃபேனைப் போடு" என்பார். ஃபேன் ஸ்விட்ச் அவர் தலைக்கு மேலேயே இருக்கும்.

அண்ணனுக்கு டைல்ஸ் கடை. தூசியும் சிமெண்டும் பறக்கிற அந்தக் கடையில் நாள் முழுக்க வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் அதை ஒரு பொட்டு அழுக்கில்லாமல் அப்படியே கழற்றி வைக்கிற மனுஷர். சின்னவளின் வீட்டுக்காரர் அவருக்கு ரகசியமாக 'சோப்பு விளம்பரம்' என்று பேர் வைத்திருந்தார். நேரில் பார்த்துவிட்டால் மட்டும், "வாங்க மச்சான், உக்காருங்க மச்சான்" என்று குழைவார். வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. ஆளும் அப்படித்தான், எங்கேயும் கீறல் விழாமல் பழகுகிறவர்.

சண்டைக்குக் காரணம் ஒரு கார். புதுக் கார் வாங்கிய கையோடு அண்ணன் தன் பழைய வெள்ளைக் காரைக் கொண்டுவந்து, "கொஞ்ச நாள் உன் வாசல்ல நிக்கட்டும்" என்று நிறுத்திவிட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணனின் 'கொஞ்ச நாளில்' பக்கத்து வீட்டுக் குழந்தை நடக்கக் கற்றுக்கொண்டு, பேசக் கற்றுக்கொண்டு, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழவும் கற்றுக்கொண்டுவிட்டது. கார் நின்றது நின்றபடி நின்றது.

சின்னவள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை வளைகிறது. அந்த வளைவில் வருகிற ரயிலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக் போடும். அப்போது கண்ணுக்குத் தெரியாத இரும்புத்தூள் பறந்து வந்து கொடியில் காய்கிற துணி, ஜன்னல் கம்பி, தட்டு, டம்ளர் எல்லாவற்றின் மேலும் உட்காரும். தட்டையும் டம்ளரையும் கழுவிவிடலாம். காரை யார் கழுவுவது? வெள்ளைக் காரின் மேல் அம்மை போட்டாற்போலப் பழுப்புப் பொட்டுகள் கிளம்பின. போதாதற்கு மேலே ஒரு மரம்; பிசின் ஒரு பக்கம், காக்கைகள் இன்னொரு பக்கம்.

ஆனால் சின்னவள் அதைச் சாகவிடவில்லை. பேட்டரி போய்விடக்கூடாதே என்று வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்தாள். சும்மா உறுமவைப்பானேன் என்று வாசலுக்குள்ளேயே முன்னால் நாலு அடி, பின்னால் நாலு அடி போனாள். அப்புறம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு முறை தோற்றாள், இரண்டுமே ரிவர்ஸில். மூன்றாம் முறை பாஸ். அதிகாரிக்கு அன்றைக்கு நல்ல தூக்கக் கலக்கம் என்று அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். பிறர் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் பாதி வலி குறையும். ஊசி போடுகிறவளுக்கு அது தெரியாதா.

காரை அவள் கேட்டது ஊர் சுற்ற அல்ல. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரிட்டயரான வாத்தியாரம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். காலில் சர்க்கரைப் புண். தினமும் கட்டு மாற்ற வேண்டும். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பஸ் கிடையாது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கட்டைப் பிரிக்கும்போது, ஆறு நாள் பாடுபட்டு ஆற்றிய புண் ஒரே நாளில் அழுது வழிந்துகொண்டிருக்கும். "நேத்து நீ வரலைன்னு அது கோவிச்சுக்கிச்சு" என்பார் வாத்தியாரம்மா, ஏதோ வீட்டில் வளர்க்கிற பூனையைச் சொல்கிற மாதிரி. போன வாரம் டாக்டர், இப்படியே போனால் விரலை எடுக்கவேண்டி வரும் என்று சொல்லிவிட்டார். வாத்தியாரம்மா அதையும் பூனைக் கணக்காகத்தான் சொன்னார். சின்னவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் வீட்டில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவி வந்தவரிடம் கேட்டாள்.

"அண்ணா, அந்தப் பழைய வண்டியை எனக்குக் குடுத்திடுங்களேன். வேலைக்கு ஆகும்."

அண்ணன் பல்லுக்குக் குச்சி தேடிக்கொண்டிருந்தார். "எந்த வண்டி? உன் வாசல்ல மக்கிப்போய்க் கிடக்கே, அதுவா? பழைய இரும்புக் கடைக்காரன்கிட்ட சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை காலைல வந்து தூக்கிட்டுப் போறான்."

"ஓடுற வண்டிண்ணா அது."

"துரு புடிச்ச வண்டி, அதுக்கு ஒரு துரு புடிச்ச டிரைவர். ஜோடிப் பொருத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணன்.

கூடம் சிரித்தது. கூடத்தின் மூலையிலிருந்து வீட்டுக்காரரும் சிரித்தார். அது சிரிப்பே இல்லை, இருமல் என்று வீட்டுக்கு வந்து சத்தியம் செய்தார். எந்த இருமல் 'ஹி' என்று ஆரம்பிக்கும் என்று அவள் கேட்டாள்.

ஆனால் அங்கேயே, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், அவள் விடவில்லை. "அழுக்கு வேற, துரு வேறண்ணா. கழுவினா போயிடும்."

"கழுவிடுவியா?" அண்ணனுக்குச் சபை கிடைத்த உற்சாகம். "சரி. ஞாயித்துக்கிழமை காலைல நான் இதே மாதிரி வெள்ளைச் சட்டையோட வந்து உன் வண்டி மேல சாயறேன். சட்டையில ஒரு பொட்டு ஒட்டலைன்னா வண்டி உனக்கு. ஒட்டிச்சு, இரும்புக் கடைக்கு. எல்லாரும் கேட்டுக்கங்கப்பா."

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டவர்களில் அண்ணியும் இருந்தார். அவர் கையில் காபித் தட்டு. அவர் சிரித்ததாகத் தெரியவில்லை. அவர் எதற்குமே என்ன செய்தார் என்று யாருக்கும் தெரிவதில்லை.

சனிக்கிழமை சின்னவள் காலை வேலைகளை வேகமாக முடித்துக்கொண்டு வந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். முதலில் தண்ணீர். பைப்பைப் பிடித்து மேலிருந்து கீழே அடித்தாள். பிறகு கார் ஷாம்பூ, ஒரு வாளியில் நுரை, ஒரு வாளியில் அலசத் தண்ணீர். காக்கைகளின் பங்களிப்பு கரைந்தது. மரப்பிசினை வெந்நீர்த் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், கார் சுத்தமான அம்மை போட்ட காராக இருந்தது. பொட்டு ஒன்றுகூட அசையவில்லை. ஈரக் கையால் தடவினால் உப்புத்தாள் மாதிரி நெருடியது.

போனில் கார் கழுவுகிற வீடியோ பார்த்தாள். மீசைக்காரர் ஒருவர் மெல்லிசான பிளாஸ்டிக் பையைக் கையில் உறைபோல மாட்டிக்கொண்டு காரைத் தடவச் சொன்னார். வெறுங்கைக்குத் தெரியாததெல்லாம் அப்போது தெரியுமாம். தடவினாள். ரவையைக் கொட்டிப் பரப்பிய மாதிரி இருந்தது. "பயப்படாதீங்க. இது உங்க வண்டியோட துரு இல்ல. வெளியில இருந்து வந்து பெயிண்ட்ல குத்திக்கிட்ட இரும்பு" என்றார் மீசைக்காரர்.

சின்னவள் அந்த இடத்தை நிறுத்தி மறுபடி கேட்டாள். மூன்றாம் முறையும் கேட்டாள். வண்டியோட துரு இல்ல. வெளியில இருந்து வந்தது. மீசைக்காரர் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு டீயாவது போட்டுக் கொடுத்திருப்பாள்.

மருந்தடித்து இரும்பைக் கரைக்க வேண்டும், அப்புறம் களிமண் போட்டுத் தேய்த்தால் மிச்சமெல்லாம் வந்துவிடும் என்று அவர் முடிப்பதற்குள் அவள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுவிட்டாள்.

"ஏங்க, வரும்போது காருக்குப் போடற களிமண் வாங்கிட்டு வாங்க."

"என்னது?"

"களிமண்ணுங்க. தேய்க்கறதுக்கு."

"என் தலையில இருக்கறது பத்தாதா?"

"அது ஈரமா இல்லை. புதுசா வாங்கிட்டு வாங்க."

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற ஒரு மனுஷனுக்கு இதில் ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்ததாம். ஆனால் முந்தின நாள் இருமல் விவகாரம் இன்னும் ஆறவில்லை. பெண்டாட்டி சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்வதுதான் உடம்புக்கு நல்லது என்று முடிவு செய்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது, ஈரத்துணியில் சுற்றி, பெரிய உருண்டையாக, பானை செய்கிறவரிடமிருந்து அசல் களிமண்ணைக் கொண்டுவந்தார்.

"மணலே இல்லாததா பாத்து வாங்கினேன். மூணு தடவை சலிச்சதாம்" என்றார் பெருமையாக.

சின்னவள் அதைப் பிட்டெடுத்துக் காரின் கூரை மேல், பின்பக்க ஓரத்தில் வைத்து ஓங்கித் தேய்த்தாள். இங்கேதான் அவள் செய்த தப்பு. ஒட்டிக்கொண்ட கட்டுத்துணியை எப்படி எடுப்பது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்த ஆள் அந்த ஊரில் கிடையாது. இழுக்கக் கூடாது. உப்புத்தண்ணீர் ஊற்றி, ஊறவிட்டு, அதுவாக நெகிழ்ந்து வருகிறவரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். புண்ணாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பாள். இது அண்ணன் வண்டி. துரு புடிச்ச டிரைவர், ஒரு தேய்ப்பு. ஜோடிப் பொருத்தம், இன்னொரு தேய்ப்பு.

கரகர என்று சத்தம் வந்தது.

வீட்டுக்காரருக்குச் சோறு தொண்டையில் நின்றது. லென்ஸ்காரருக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியும். "நிறுத்து, நிறுத்து. அது கீறல்" என்று எச்சில் கையோடு ஓடிவந்தார்.

தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் மங்கி, வட்ட வட்டமாகக் கீறல்கள், பழைய டம்ளரின் அடிப்பாகம் மாதிரி.

"மூணு தடவை சலிச்சதுன்னீங்க."

"பானைக்குத்தானே சலிச்சாங்க? நீ காருக்குன்னு சொல்லவே இல்லையே."

"காருக்குப் போடற களிமண்ணுன்னுதானே சொன்னேன்?"

"காருக்குப் போடறதுன்னா, கார் நிக்கற தரையில போடறதுன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே பிடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டார். சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரும் வந்தது. எது முதலில் என்று சொல்ல முடியாது.

அவரே சைக்கிளை எடுத்துக்கொண்டு கார் சாமான் விற்கிற கடைக்குப் போனார். கடைக்காரர் கதையைக் கேட்டுவிட்டு வெளியே வந்து சைக்கிளில் தொங்கிய உருண்டையை எட்டிப் பார்த்தாராம். "பேருதான் களிமண்ணு சார். இது ரப்பர் மாதிரி, மெத்துனு இருக்கும். சோப்புத் தண்ணி நிறைய விட்டுட்டு, சும்மா வழுக்கி விடணும், அழுத்தவே கூடாது" என்று சோப்புக்கட்டி அளவில் நீல நிறத்தில் ஒன்றைக் கொடுத்தார். கூடவே ஸ்பிரே பாட்டிலில் இரும்பு கரைக்கிற மருந்து, கடைசியில் பூச ஒரு டப்பா மெழுகு. விலையைக் கேட்டபோதும் வீட்டுக்காரர் முகம் சுளிக்கவில்லை என்பது, அவரைப் பொறுத்தவரை, ஒரு காதல் கடிதம்.

இந்த முறை சின்னவள் முறையாகச் செய்தாள். வெயில் இறங்கி, காரின் தகடு ஆறுகிறவரை காத்திருந்தாள். கையுறை மாட்டினாள், மூக்கை மூடிக்கொண்டாள். மருந்தை மெல்லியதாகப் பரவலாக அடித்தாள். அழுகிய முட்டை நாற்றம் வாசலை நிரப்பியது.

"இது மருந்தா, இல்ல மச்சான் சாக்ஸா?" என்றார் வீட்டுக்காரர்.

அப்போதுதான் அண்ணி கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னார். அந்தப் பக்கம் ரயில் பாதையைத் தவிர எதுவும் கிடையாது. அண்ணன் உளவு பார்க்க அனுப்பியிருக்கிறார் என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது, மூன்று பேரும் மரியாதைக்குத் தெரியாத மாதிரி இருந்தார்கள்.

கார் அதற்குள் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு பழுப்புப் பொட்டிலிருந்தும் ஊதா நிறம் கசிந்தது. முதலில் புள்ளி, அப்புறம் கோடு, அப்புறம் தாரை. பானெட்டிலிருந்தும் கதவுகளிலிருந்தும் ஊதா வழிந்து தரையில் சொட்டியது. வெள்ளைக் காருக்கு மேலெல்லாம் ரத்தக்காயம் பட்டு, அதுவும் ஊதா ரத்தமாக ஓடுவது போல இருந்தது.

அண்ணி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அய்யய்யோ, என்னடி பண்ணித் தொலைச்சே. வண்டியே கரையுதே."

"வண்டி கரையலை அண்ணி. வண்டி மேல வந்து குத்திக்கிட்டதெல்லாம் கரையுது."

"இவ்வளவா?"

"இவ்வளவு நாளா நின்னிருக்கே."

அண்ணி ஊதா சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து காய்வதற்குள் சின்னவள் தண்ணீர் அடித்தாள்; ஊதா வாய்க்காலாக ஓடி வடிகாலில் இறங்கியது. பொட்டுகளில் முக்கால்வாசி போயே போய்விட்டன.

அப்புறம் அந்த நீலக் களிமண். சோப்புத் தண்ணீரைத் தெளித்து, கட்டியைத் தட்டையாக்கி, அழுத்தாமல் வழுக்கவிட்டாள். முதலில் சொரசொரவென்று இழுத்தது. நாலு முறை போய்வந்ததும் சத்தம் நின்று, கண்ணாடி மேல் போவது போல ஓடியது. கட்டியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கறுப்புப் புள்ளிகள். மடித்துச் சுத்தமான பக்கத்தை எடுத்து அடுத்த இடம்.

அண்ணி எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. "எனக்கும் கொஞ்சம் பிச்சுக் குடேன்" என்று கையை நீட்டினார். சின்னவள் பாதியைக் கொடுத்தாள். டைல்ஸ் கடை முதலாளியம்மா புடவையைச் செருகிக்கொண்டு, பின்கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து தேய்த்தார். நன்றாகவே தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் கட்டி கை நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து அலசப் போனார்.

"வேண்டாம் அண்ணி, தூக்கிப் போட்டுடுங்க. மண்ணு ஒட்டிடுச்சு, இனிமே கீறும்."

"கழுவிட்டாக்கூடவா?"

"கீழ விழுந்த ஊசியைக் கழுவிட்டுக் குத்தினா உங்களுக்குச் சம்மதமா?"

அண்ணி சிரித்தார். சத்தமாகவே சிரித்தார். பிறகு, தேய்த்த இடத்தைப் புறங்கையால் தடவியபடியே சொன்னார்: "கல்யாணம் ஆன புதுசுல நானும் ஓட்டக் கத்துக்கறேன்னு கேட்டேன். 'எங்க போகப் போறே'ன்னாரு. அது சரிதானே, எங்க போகப் போறோம்னு விட்டுட்டேன். இத்தனை வருஷம் கழிச்சும் எங்க போறதுன்னு யோசிச்சுப் பாத்தா ஒண்ணும் தோண மாட்டேங்குது."

சின்னவள் இன்னொரு துண்டு பிட்டுக் கொடுத்தாள். இருட்டுவதற்குள் மெழுகு பூசித் துடைத்து முடித்தார்கள். வீட்டுக்காரர் லென்ஸ் துடைக்கிற துணிகளையெல்லாம் கடையிலிருந்து கொண்டுவந்து தியாகம் செய்தார். கூரை மேலிருந்த வட்டக் கீறலை மட்டும் அவர் துணிகளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அண்ணி கிளம்பும்போது சின்னவள் கேட்டாள். "அண்ணன்கிட்ட என்னன்னு சொல்லப் போறீங்க?"

"ஊதாவா ஆயிடுச்சுன்னு சொல்றேன். பொய்யா என்ன?"

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். அன்றைக்குப் போட்டிருந்ததைவிட வெள்ளையான ஒரு சட்டை. கூட அண்ணி. பின்னாலேயே பழைய இரும்புக் கடைக்காரர் தன் லாரியைக் கொண்டுவந்து கேட்டுக்கு நேராக நிறுத்தினார். ஊதாக் காரைப் பார்த்துச் சிரிக்கத் தயாராக வந்த அண்ணனின் முகம், வாசலில் நின்ற வெள்ளைக் காரைப் பார்த்ததும், எதை மாட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் காலியாக இருந்தது.

இரும்புக் கடைக்காரர் இறங்கி வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். "இதையா சார் நசுக்கச் சொன்னீங்க?" என்றார். "எனக்கே மனசு வரலை. நான் மனசே பாக்காத தொழில்ல இருக்கறவன்."

"சாய்ங்கண்ணா" என்றாள் சின்னவள்.

"என்ன?"

"சாயறேன்னு சொன்னீங்க இல்ல. சாய்ங்க."

அண்ணனுக்கு வேறு வழியில்லை. கதவின் மேல் முதுகை வைத்து, ஐஸ் கட்டி மேல் சாய்கிறவர் மாதிரி மெதுவாகச் சாய்ந்தார். "நல்லா அழுத்தி" என்றாள். அழுத்தினார். "இப்படி அப்படி அசைங்க." அசைந்தார். நிமிர்ந்து திரும்பி நின்றார். வீட்டுக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மச்சானின் முதுகை லென்ஸ் பார்ப்பது போலப் பார்த்தார். இரும்புக் கடைக்காரரும் பார்த்தார். அண்ணி பார்க்கவில்லை, அவருக்குத் தெரியும்.

"பளிச்சுனு இருக்கு மச்சான்" என்றார் வீட்டுக்காரர். இந்த மச்சானில் குழைவு இல்லை.

அண்ணன் காரைச் சுற்றி நடந்தார். கூரையை எட்டிப் பார்த்தார். "இதென்ன கீறல்? யாரு போட்டது?"

"நான்தான். களிமண் போட்டுத் தேய்ச்சேன்."

"வண்டியைக் கெடுத்து வெச்சிருக்கே."

"நசுக்கப் போற வண்டியில கீறல் இருந்தா என்னண்ணா?"

இரும்புக் கடைக்காரர் அவசரமாக லாரியின் டயரை ஆராயத் தொடங்கினார்.

அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். டைல்ஸ் கடைக் குரல் வந்தது. சொன்ன சரக்கு ஒன்று, வந்து இறங்கிய சரக்கு வேறு என்று வாடிக்கையாளருக்கு விளக்குகிற, கோபமே இல்லாத, வழுவழுவென்ற குரல். "நல்லா உழைச்சிருக்கே, இல்லேங்கலை. ஆனா பாரு, வண்டி இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கே தெரியாது. நம்ம பையன் ஓட்டிப் பழகறதுக்கு ஒரு வண்டி தேடிட்டே இருந்தேன். புதுசை அவன்கிட்ட குடுக்க முடியுமா? இதுன்னா அவன் எங்கயாவது இடிச்சாக்கூடப் பரவாயில்ல. உனக்கு அப்புறமா ஒண்ணு பாத்துக்கலாம்."

"நான் இடிச்சா?"

"என்ன?"

"அவன் இடிச்சாப் பரவாயில்லைன்னீங்க. நான் இடிச்சாப் பரவாயில்லையா?"

"விதண்டாவாதம் பண்ணாதே சின்னவளே. அன்னிக்கு நான் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னேன்."

"நான் விளையாட்டுக்குத் தேய்க்கலைண்ணா."

அவள் குரல் உயரவில்லை. ஊசி போடும்போது வருகிற குரல் அது; 'கொஞ்சம் வலிக்கும், ஆனா போடாம போகமாட்டேன்' என்கிற குரல். "உங்க வண்டியில துரு இருந்தது, அது என் வாசல்ல நின்னதால வந்தது. நிறுத்தினது நீங்க. எடுத்தது நான். எல்லாரையும் கேட்டுக்கச் சொல்லிட்டு வார்த்தை குடுத்தீங்க. இப்ப இல்லைன்னா, அதையும் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லுங்க. நான் வேலைக்குப் போயிட்டு வந்து கேட்டுக்கறேன். எனக்கு நேரமாச்சு."

உள்ளே போய்க் கட்டுத்துணிப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். காரில் ஏறினாள். கதவைச் சாத்தினாள். முதல் முறை சரியாகச் சாத்தவில்லை, திறந்து மறுபடி சாத்தினாள். கம்பீரத்தில் கொஞ்சம் சேதாரம்தான், ஆனாலும் சாத்தினாள்.

"சாவியைக் குடு" என்றார் அண்ணன், ஜன்னல் பக்கம் குனிந்து.

அவள் சாவியைத் திருகினாள். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அண்ணன் வீட்டுக்காரரைப் பார்த்தார். "என்ன மாப்ள, பாத்துட்டு நிக்கறீங்க? சொல்லுங்க அவகிட்ட."

வீட்டுக்காரர் நடந்து போய், கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து, காற்றுக்குச் சாத்திக்கொள்ளாமல் கல் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து மச்சானிடம் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. "நான் எடுத்துடறேன்மா" என்று இரும்புக் கடைக்காரர் ஓடினார். அண்ணன், "யோவ், நீ என் ஆளா, அவ ஆளா?" என்றார். "நசுக்கறதுக்கு ஒண்ணுமில்லைன்னா நான் யாரு ஆளும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு அவர் லாரியை நகர்த்தினார்.

முன் இருக்கையின் கதவு திறந்தது. அண்ணி ஏறி உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி, பெல்ட்டைத் தேடினார்.

"நீ எங்கடி போறே?" என்றார் அண்ணன்.

"தெரியலை" என்றார் அண்ணி. "போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

சின்னவள் ரிவர்ஸ் போட்டாள். பரீட்சையில் இரண்டு முறை தோற்ற அதே ரிவர்ஸ். அண்ணன், வீட்டுக்காரர், இரும்புக் கடைக்காரர் மூன்று பேரும் மூன்று விதமாகக் கை காட்டினார்கள். அவள் யார் கையையும் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தாள். கேட்டுத் தூணைத் தாண்டும்போது கதவோரத்தில் சரக்கென்று ஒரு நீளமான சத்தம்.

வாசலில் எல்லோரும் அப்படியே நின்றார்கள். இரும்புக் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் நிறுத்தவில்லை. இறங்கிப் பார்க்கவும் இல்லை. தெருவுக்கு வந்து, திருப்பி, முதல் கியரில் கிளப்பினாள்.

"உரசிடுச்சு போலிருக்கே" என்றார் அண்ணி.

"ஆமா அண்ணி. என் வண்டிதானே."

தெருமுனையில் வலது பக்கம் திரும்பி ஆற்றுப் பாலத்துக்குப் போகவேண்டும். இண்டிகேட்டரைப் போட்டாள். இண்டிகேட்டர் இன்னொரு பக்கம் இருந்தது போலும். வைப்பர் எழுந்து, சுள்ளென்று அடிக்கிற வெயிலில், ஒரு துளி தண்ணீர் இல்லாத கண்ணாடியைக் கறக் கறக்கென்று துடைக்க ஆரம்பித்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"மழை வருமாடி?" என்றார் அண்ணி.

"வரட்டும்" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் வலது பக்கம் திருப்பினாள்.